பலாலி: தீவாகிப்போன குடாநாட்டின் வான்வாயில்

விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் கருவறைமேல் எழும் விமானமும் இராம காதையின் புட்பக விமானமுமே தமிழ் பயின்றார் நெஞ்சில் முந்தித் தோன்றும். 1947 டிசம்பர் 10ஆம் நாள் கொழும்பை அடுத்த இரத்மலானையில் எழுந்து, யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கி, நம் மீனம்பாக்கத்தை அடைந்தது ‘ஏர் சிலோன்’ நிறுவனத்தின் முதல் விமானம். அதற்குச் ‘சீதாதேவி’ என்று பெயர். சீதை இலங்கையினின்று வான்வழி மீண்ட கதையறிந்தார்க்கு இப்பெயர் இனிக்கும்.

பலாலி ஓடுதளம் பயணிகளுக்கென எழுந்ததன்று. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வான்படை தன் தேவைக்கு அமைத்தது அது. போர் தந்ததைப் போரே பின்னர் திரும்ப எடுத்துக்கொண்டது.

யாழ்ப்பாணம் தீவன்று, ஆனையிறவின் ஒடுங்கிய வழியால் பெருநிலத்தோடு பிணைந்த குடாநாடு. 1990இல் போர் மூண்டு அவ்வழி அடைபட்டதும் அது தீவாயிற்று. கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்தோர் பலர். 1995 இறுதியில் யாழ்நகர் இராணுவத்தின் கைக்கு மாறியபின், 2002இல் கண்டி வீதி திறக்கும்வரை, கப்பலும் விமானமுமே வெளியுலகுக்கு வழி. அந்த வான்வழியும் ஏமமுடையதாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட ‘லயன் ஏர்’ விமானம் மன்னாருக்கு வடக்கே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அதன் சிதைவு இரணைதீவை அண்டிய கடலடியில் கண்டறியப்பட்டது 2012இல்தான்.

வான்போக்குவரத்து வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுவர். ஓடுதளத்தைச் சூழ்ந்த ஊர்களையும் அவ்வரலாற்றில் சேர்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. 1990இல் பலாலி, மயிலிட்டி முதலிய ஊர்மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. நாம் கூடும் நொச்சிக்குப்பத்தில் வலையும் படகும் வீட்டுவாசலை ஒட்டியே கிடக்கக் காண்கிறோம். இங்குள்ளோரைக் கடல் தெரியாத ஊரில் குடியேற்றினால் எவ்வாறிருக்கும்? மயிலிட்டியும் பேர்பெற்ற மீன்பிடி ஊரே. அவ்வூரார் முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலுமாகக் காத்திருந்தது 27 ஆண்டுகள். துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாயிற்று. அதன் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற்றது. அதற்கும் சிலர் முகஞ்சுளித்தனர். அவ்வாண்டு நவம்பரில் ‘அலையன்ஸ் ஏர்’ நிறுவனத்தின் சிறு விமானம் சென்னையிலிருந்து முறையாகப் பறக்கத் தொடங்கிற்று. நோய்த்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற பறப்பு, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது.

இன்று மீனம்பாக்கத்தில் ஏறுவோர் ஒன்றரை மணி நேர அளவில் பலாலியில் இறங்கலாம். ஆயினும் ஓடுதளத்தைச் சூழ்ந்த காணிகளுள் ஒரு பகுதி இன்னும் உரியவர்க்கு மீளவில்லை. அவற்றின் உறுதிப் பத்திரங்களை வைத்திருப்போர் வேலிக்கு இப்பால் நிற்கின்றனர்.