பருப்புக்கு ஒரு பட்டுச்சட்டை

போன மாதம் பாட்டிக்கு ஒரு சத்துமாவு டப்பா வாங்கிப் போனேன். லேபிளைப் படித்துவிட்டு பாட்டி கேட்டார்: "இதுல பாதி நம்ம அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துலயே இருக்கே, எதுக்குடா இவ்வளவு காசு?" பி.காம். படிக்கிற எனக்குப் பதில் வரவில்லை. தேடியபோது மாட்டியதுதான் இந்தக் கதை.

1850-களின் லண்டன். டு பாரி என்ற கம்பெனி 'ரெவலெண்டா அராபிகா' என்று ஒரு மாவு விற்றது. தண்ணீரிலோ பாலிலோ கரைத்து, காய்ச்சிக் குடிக்க வேண்டும். அஜீரணம், மலச்சிக்கல், ஆஸ்துமா, ஏன், காசநோய்கூடத் தீரும் என்று பத்திரிகை பத்திரிகையாக விளம்பரம்! விலை, பவுண்டு 2 ஷில்லிங் 9 பென்ஸ்.

அப்போது ஆர்தர் ஹில் ஹாசல் என்ற டாக்டர், கடைச் சரக்குகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து 'லான்செட்' இதழில் வெளியிட்டு வந்தார். ரெவலெண்டாவும் மாட்டியது. உள்ளே என்ன? பருப்பு மாவு, பார்லி மாவு. அவ்வளவுதான்! நாம் மைசூர் பருப்பு என்கிறோமே, அதே இனம்.

பெயரிலேயே குட்டு இருந்தது. இந்தப் பருப்பின் அன்றைய தாவரவியல் பெயர் எர்வம் லென்ஸ். அதை வைத்து ஏற்கெனவே 'எர்வலெண்டா' என்று ஒரு சரக்கு வந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதி முதல் இரண்டு எழுத்தை இடம் மாற்றுங்கள்... ரெவலெண்டா! சில பென்ஸ் பெறும் மாவுக்குப் பல மடங்கு விலை. கணக்குப் பாடத்தில் 'குட்வில்' என்று படிக்கிறோமே, அது இதுதானோ?

வேடிக்கை என்னவென்றால், சரக்கு மட்டமில்லை. வேகவைத்த 100 கிராம் பருப்பில் சுமார் 9 கிராம் புரதம், 8 கிராம் நார்ச்சத்து, 3 மில்லிகிராம் இரும்பு, நிறைய ஃபோலேட். மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து நல்லதுதான். பருப்பில் குறைவான மெத்தியோனைன் பார்லியில் கிடைக்கும், பார்லியில் குறைவான லைசின் பருப்பில் கிடைக்கும். நம்ம சாம்பார் சாதக் கணக்குதான்!

ஆனால் காசநோயைப் பருப்பு குணமாக்காது. அதை நம்பிய நோயாளி காசையும் இழந்தார், நம்பிக்கையையும் இழந்தார். ஏழைக்கோ, சல்லிசாகக் கிடைக்க வேண்டிய நல்ல உணவு பெயர் மாறி எட்டாத விலைக்குப் போனது. ஹாசல் போன்றவர்களின் உழைப்பால் 1860-ல் பிரிட்டனில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது.

பாட்டிக்கு இப்போது பதில் தெரியும். மாவுக்குக் கொஞ்சம், மீதி பெயருக்கு. அடுத்த டப்பா வாங்கும் முன் நீங்களும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள் நண்பர்களே. நான் நேற்று கால் கிலோ பருப்புதான் வாங்கினேன்.