ஆட்டம் யாருக்கு? – 4: ஆற்றின் மேல் ஒரு விமானம்

டோக்கியோவில் நாம்கோ நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் தோரு இவாத்தானியை ஒரு கேள்வியோடு விட்டுவிட்டு வந்தோம். விளையாட்டு மையங்களில் ஆண்கள் மட்டுமே நின்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெண்களையும் காதலர்களையும் உள்ளே வரவழைப்பது எப்படி?

பெண்களுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தவருக்குச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. துப்பாக்கி போனது, வாய் வந்தது. 1980 மே மாதம் ஷிபுயாவில் மக்கள் முன் சோதனைக்கு வைக்கப்பட்ட அந்த ஆட்டம்தான் பின்னாளில் நாம் பேக்மேன் என்று அறிந்தது. புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் மஞ்சள் வட்டம். துரத்தும் பேய்கள்கூட இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று பார்க்க அழகு. பெண்கள் வந்தார்கள். ஆண்களும் விடவில்லை, உலகமே ஆடியது! இவாத்தானியின் நோக்கம் உயர்ந்தது. ஆனாலும், பெண் என்றால் தீனி என்று கணக்குப் போட்டதும் ஒரு முன்முடிவுதானே?

அதைவிட முரட்டுத்தனமான முன்முடிவு ஒன்று, கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் அடாரி நிறுவனத்துக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

கரோல் ஷா, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை முடித்தவர். 1978-இல் அடாரியில் சேர்ந்தார். அப்போது நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர் ரே காசார். ஜவுளித் தொழிலிலிருந்து வந்தவர். ஒருநாள் பொறியாளர்கள் பக்கம் வந்தவர் ஷாவைப் பார்த்ததும், பெண் வடிவமைப்பாளர் கிடைத்துவிட்டார், இனி ஒப்பனை நிறப் பொருத்தம், வீட்டு உள்அலங்காரம் என்று ஆட்டங்கள் செய்யலாம் என்ற பொருளில் மகிழ்ந்து பேசினாராம். பின்னாளில் பேட்டிகளில் ஷாவே சொன்னது இது. அவருக்கோ அந்த இரண்டிலும் துளி ஆர்வமில்லை.

அடாரியை விட்டு வெளியேறிய ஷா, 1982-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் இருந்தபடி செய்து காட்டியது 'ரிவர் ரெய்டு'. ஆற்றின் மேல் போர் விமானம் பறக்கிறது. கப்பல், ஹெலிகாப்டர், பாலம் எல்லாம் குறி. எரிபொருள் குறைந்துகொண்டே வரும். எதிரே எரிபொருள் கிடங்கு தெரிகிறது. சுட்டால் புள்ளி, சுடாமல் மேலே பறந்தால் டேங்க் நிறையும். புள்ளியா, உயிரா? ஆடுகிறவர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்.

இத்தனையும் 4 கிலோபைட்டுக்குள்! காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு நீள ஆற்றை வரைந்து வைக்க அதில் இடமேது? கரைகளைக் கணக்கின் மூலம் அவ்வப்போது உண்டாக்கிக்கொள்ளும்படி நிரல் எழுதினார் ஷா. ஒவ்வொரு முறை ஆடும்போதும் அதே ஆறு, அதே வளைவுகள். அன்றைய ஆட்டங்களில் இதற்கு இணையான கைத்திறன் குறைவு என்பேன்.

1984-இல் மேற்கு ஜெர்மனியின் தணிக்கை அமைப்பு, போர் மனப்பான்மையை வளர்க்கிறது என்று சொல்லி ரிவர் ரெய்டை இளையோருக்கு ஆகாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. உள்அலங்கார ஆட்டம் செய்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவரின் படைப்புக்கு நேர்ந்தது இது!

பெண்கள் ஆடினார்கள், ஆட்டங்களைப் படைக்கவும் செய்தார்கள். அப்படியானால் வீடியோ கேம் என்பது பையன்கள் சமாசாரம் என்று எப்போது முடிவானது?

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை குப்புற விழுந்தது. அந்தப் பெயரைச் சொன்னாலே கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். 1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ ஒரு சாம்பல் நிறப் பெட்டியோடு நியூயார்க்கில் வந்து இறங்கியது. கூடவே ஒரு குட்டி ரோபோ. 'இது வீடியோ கேம் அல்ல, பொம்மை' என்று காட்டத்தான் அந்த ரோபோ. தந்திரம் பலித்தது, பொம்மைக் கடைகளின் கதவு திறந்தது.

ஆனால் அங்கே பையன்களுக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. அந்தச் சாம்பல் பெட்டியை எந்த வரிசையில் தூக்கி வைத்தார்கள்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)