வைத்தியத்துக்கு ஒரு ஜனக்கணக்கு

சேனை முகாம்களும் கலெக்டர் கச்சேரிகளும் இருந்த ஊர்கள், தர்மசிந்தையுள்ள தனவந்தர்களோ மிஷனரிகளோ மனம் வைத்த ஊர்கள், இவையே நம் தேசத்தில் வெகுகாலம் ஆஸ்பத்திரிகளைப் பெற்றன. ஒரு ஜில்லாவில் எத்தனை ஜனங்கள் வாழ்கிறார்கள், அவர்கள் எந்தெந்த நோயால் மாள்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை படுக்கைகளும் தாதிகளும் வேண்டும் என்று கணித்து, அந்தக் கணக்கின்மீது வைத்திய வசதியை நிர்மாணிக்கும் யோசனை அகில இந்திய அளவில் முழு உருவம் பெற்றது, யுத்தமும் வங்காளப் பஞ்சமும் ஒருங்கே வாட்டிய 1943-ஆம் வருஷத்து அக்டோபரில் நியமிக்கப்பட்ட ஒரு கமிட்டியினால்தான்.

முன்பு கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த ஸர் ஜோஸப் போர் அதற்குத் தலைவர். பிரசவ வைத்தியத்தில் பெயர்பெற்றுச் சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும், கல்கத்தாவின் டாக்டர் பி. ஸி. ராயும் அங்கத்தினர்கள். 1946-இல் நான்கு பாகங்களாக வெளிவந்த அவர்களது அறிக்கையின் எண்கள் இன்று படித்தாலும் நெஞ்சைச் சுடுகின்றன. பிறந்த ஆயிரம் சிசுக்களில் 162 ஒரு வயது நிறையுமுன் மாண்டன. சராசரி ஆயுள் 27 வருஷத்தை எட்டவில்லை. 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். இங்கிலாந்தில் ஆயிரம் பேருக்கு 7 படுக்கைகளுக்கு மேல் இருக்க, பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது 0.24.

இந்த எண்களின் வேரோ மிகப் பலவீனமானது. ஜனன மரணங்களைப் பதிந்தவர்கள் வடக்கே பெரும்பாலும் சௌகீதார்கள் என்னும் கிராமக் காவலர்கள், நம் சென்னை ராஜதானியில் கிராம அதிகாரிகள். வைத்தியம் அறியாத அவர்களது பதிவேட்டில், மலேரியாவும் க்ஷயமும் இன்னும் பெயரறியாத எத்தனையோ வியாதிகளும் ‘ஜுரம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிட்டன. கமிட்டியார் இந்தக் குறையை நன்கறிந்தே எழுதினார்கள். பூரணமான புள்ளிவிவரம் கிட்டும்வரை காத்திருக்கலாம் என்று அவர்கள் கைகட்டி நின்றிருந்தால், அந்தக் காத்திருப்புக்குப் பலியாகியிருப்பவர்கள் பதிவேட்டில்கூட ஏறாத ஏழைகளே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர்கள் போட்ட கணக்கு எளிமையும் கம்பீரமும் உடையது. முப்பது லக்ஷம் ஜனங்கள் உள்ள ஒரு ஜில்லாவை எடுத்துக்கொண்டு, 20,000 பேருக்கு 75 படுக்கைகள் உள்ள ஓர் ஆரம்ப ஆஸ்பத்திரி வீதம் 150. அத்தகைய முப்பது வட்டாரங்களுக்கு மேலாக 650 படுக்கைகளுடன் ஓர் இடைநிலை ஆஸ்பத்திரி வீதம் ஐந்து. ஜில்லாத் தலைநகரில் 2,500 படுக்கைகள் என்று வகுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் 17,000. அதாவது ஆயிரம் பேருக்கு 5.67. கிராமத்தில் தொடங்கி மேலே ஏறும் கணக்கு இது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டு மிச்சத்தைக் கிராமத்துக்குப் பங்கிடுவதன்று. பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்ற கொள்கையையும் கமிட்டி இதனோடு பிணைத்து வைத்ததால், படுக்கைகளின் எண்ணிக்கை பிரஜைகளின் உரிமைக்கு அளவுகோலாயிற்று. கனவு என்று இதை ஒதுக்கியவர்கள் பலர். ஆனால் உடனடி ஏற்பாடாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் போதும் என்று தணிந்த திட்டம் ஒன்றையும் அதே அறிக்கை வகுத்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பின், 1952 அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பமான சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்களும் எழலாயின. ஆனால் அவை வளர்ச்சி வட்டாரத்துக்கு ஒன்று என்ற நிர்வாக எல்லையைப் பின்பற்றியமையால், 40,000 என்ற அளவு மறைந்து, அதைவிட வெகுவாக மிகுந்த ஜனத்தொகை ஆறு படுக்கைகளையும் சொற்பச் சிப்பந்திகளையும் நம்ப வேண்டியதாயிற்று.

1959-இல் மறுபரிசீலனைக்கென நியமிக்கப்பட்ட கமிட்டிக்குத் தலைமை தாங்கியவர், முதல் கமிட்டியில் அங்கத்தினராக இருந்த அதே லக்ஷ்மணசாமி முதலியார். புதிய நிலையங்களைத் திறக்குமுன் இருப்பவற்றுக்குப் போதிய ஆட்களையும் சாதனங்களையும் அளித்து வலுப்படுத்த வேண்டும் என்று அவர் கமிட்டி கூறியது. ஒரு நிலையத்துக்கு அது விதித்த ஜனத்தொகை உச்சவரம்பு, 1946-இல் தொடக்கத்துக்கென்று குறித்திருந்த அதே 40,000.