நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்த ஒயில் ரின்



கராஜில் கனகாலம் கிடந்த ஒயிலைப் பாவிக்கலாமோ என்று கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான். எனக்கு 1990 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஜூனில் போர் மீண்டும் தொடங்க, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினபின் மண்ணெண்ணெய். அந்தப் புகை மணம் உங்களில் சிலருக்கு மறந்திருக்காது.

ஒயிலின் கதை வேறு. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிச்சம் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். கழிவு ஒயிலை நாள்கணக்கில் அடையவிட்டு, வேட்டித் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றினோம். துணி கசடைப் பிடிக்கும். கரைந்த மண்ணெண்ணெயைப் பிடிக்குமா? அயலில் ஒரு காரின் பெயரிங் அப்படித்தான் போனது.

ஐயா மட்டும் சீல் உடைக்காத ஒரு ரின்னை நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். கேட்டால் "பொறு" என்பார். எனக்குக் கோபம்தான் வரும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே இடம்பெயர்ந்தபோதுதான் அதை உடைத்தார். அடியில் கொஞ்சம் மண்டி. நன்றாகக் குலுக்கி ஊற்றினார். பின்சீற்றில் நடக்கமுடியாத ஆச்சி. நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில் விடியவிடிய ஊர்ந்தும் எஞ்சின் நிற்கவில்லை.

தம்பி, சீல் உடையாத ரின் என்றால், அதில் போட்டிருக்கும் தரம் உன் காருக்குப் பொருந்துமோ என்று பார்த்து ஊற்று. திறந்து கிடந்து பால் நிறமாயிருந்தால் தண்ணி சேர்ந்துவிட்டது. அதை ஊற்றாதே.