வகுப்பறை ஆசிரியரும் கலைத்திட்டக் கல்வியும்

பள்ளியில் எதைக் கற்பிப்பது, எதற்காகக் கற்பிப்பது என்னும் வினாக்களுக்கு நெடுங்காலம் வகுப்பறை ஆசிரியரைக் கேளாமலேயே விடை காணப்பட்டு வந்தது. மேலிடம் பாடத்தை வகுக்கும். பதிப்பாளர் நூலை அச்சிடுவார். ஆசிரியர் அதை நடத்தி முடிப்பார். பணியில் இருக்கும் ஆசிரியரே பல்கலைக்கழகம் சென்று கலைத்திட்டத்தையும் கற்பித்தலையும் உயர்கல்வியாகப் பயிலும் வழி இருபதாம் நூற்றாண்டில்தான் செம்மையாக அமைந்தது. அமெரிக்காவில் வளர்ந்த அக்கல்வியின் வரலாறு, ஆசிரியர் பிறர் இட்ட பணியைச் செய்பவரா, தாமே ஆய்ந்து திட்டமிடுபவரா என்னும் வழக்கின் வரலாறும் ஆகும்.

பாடத்திட்டம் வேறு, கலைத்திட்டம் வேறு. ஒரு பாடத்தில் கற்பிக்க வேண்டிய பகுதிகளின் வரிசையே பாடத்திட்டம். கல்வியின் நோக்கம், மாணவர் பெறும் கற்றல் அனுபவம், அதன் ஒழுங்கு, மதிப்பீடு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது கலைத்திட்டம்.

நியூயார்க்கில் 1887இல் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்று ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து, 1898இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்ளின் பாபிட் 1918இல் கலைத்திட்டத்தைப் பற்றித் தனிநூல் எழுதினார். வளர்ந்தோர் செய்யும் பணிகளைப் பகுத்தறிந்து, அவற்றுக்கு வேண்டிய திறன்களைப் பள்ளி வழங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. தொழிற்சாலை மேலாண்மையின் சாயல் படிந்த அம்முறையில், வல்லுநர் வகுத்ததை நிறைவேற்றுவதே ஆசிரியரின் கடமையாய் நின்றது.

இந்நிலையை அசைத்தது 1933 முதல் 1941 வரை நடந்த 'எட்டாண்டு ஆய்வு' ஆகும். பொருளாதார மந்தத்தால் வேலையற்ற இளைஞர் உயர்நிலைப் பள்ளிகளில் நிறைந்திருந்த காலம் அது. அவர்களுள் சிலரே பல்கலைக்கழகம் செல்லக்கூடியவர். எனினும் எல்லாருக்கும் பல்கலைக்கழக நுழைவை நோக்கிய பாடங்களே நடத்தப்பட்டன. முற்போக்குக் கல்விச் சங்கத்தின் முயற்சியால், ஏறத்தாழ முப்பது பள்ளிகளின் மாணவரை வழக்கமான நுழைவு விதிகளின்றி ஏற்கப் பல கல்லூரிகள் இசைந்தன. பள்ளிகள் தம் கலைத்திட்டத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

விடுதலை கிடைத்தது, அதை என்ன செய்வதென்று பலருக்கு விளங்கவில்லை. பாடநூலின் வழியே நடந்து பழகிய கால்கள் திறந்த வெளியில் தயங்கின. ஆசிரியரின் திறமைக்குறைவு அதற்குக் காரணமன்று. திட்டமிடும் கலையை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை என்பதே காரணம். இக்குறையைப் போக்க 1936 கோடை விடுமுறையில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் கூடினர். விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பதற்கு அவர்கள் வரவில்லை. தத்தம் வகுப்பின் சிக்கலைக் கையில் கொண்டுவந்து, வல்லுநர் துணையுடன் அதற்குத் தீர்வை ஆக்கினர். பயிலரங்கு என்னும் முறை ஆசிரியர் கல்வியில் பரவ இதுவே வித்தாயிற்று.

ஆய்வின் முடிவு 1942இல் வெளிவந்தது. இப்பள்ளிகளில் பயின்ற 1,475 மாணவர், ஏனைய பள்ளிகளிலிருந்து வந்த, அவர்களை ஒத்த மாணவருடன் இணையிணையாக ஒப்பிடப்பட்டனர். புதுமுறையில் பயின்றோர் கல்லூரியில் பின்தங்கவில்லை. சற்றே மேம்பட்டும் நின்றனர்.

இவ்வாய்வின் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ரால்ப் டைலர். இவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியராய்த் தொழிலைத் தொடங்கியவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தாம் நடத்திய வகுப்புக்கென எழுதிய குறிப்புகளை 1949இல் சிறு நூலாக்கினார். பள்ளி அடைய வேண்டிய நோக்கம் யாது, அதற்கேற்ற கற்றல் அனுபவங்கள் எவை, அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது என்னும் நான்கு வினாக்களே அந்நூலின் அடித்தளம். டைலர் விடைகளைத் தரவில்லை. விடை காணும் வழியைத் தந்தார். பின்வந்தோர் சிலர் அவ்வினாக்களை வெறும் படிவமாக்கி நிரப்பியது வேறு கதை.

அக்குழுவில் பணியாற்றிய எஸ்தோனியப் பெண்மணி ஹில்டா தாபா ஒருபடி மேலே சென்றார். ஆசிரியர்கள் முதலில் சிறுசிறு பாட அலகுகளை அமைத்து, தம் வகுப்பில் சோதித்துத் திருத்த வேண்டும். அவற்றிலிருந்தே முழுக் கலைத்திட்டம் உருப்பெற வேண்டும் என்று 1962இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல், ஆசிரியரே தம் வகுப்பின் ஆய்வாளர் என்று நிறுவினார். ஆசிரியர் வளராமல் கலைத்திட்டம் வளராது என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வரலாறு மலேசிய ஆசிரியருக்கும் அந்நியமன்று. 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமும், 2011இல் தொடக்கப்பள்ளிக்கான தரநிலைக் கலைத்திட்டமும் நாடெங்கும் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கின. ஒவ்வொரு மாற்றமும் ஆவணமாக வருகிறது. அதற்கு உயிரூட்டுவது வகுப்பறை. மாற்றத்தின் காரணத்தை அறிந்த ஆசிரியர் அதைத் தம் மாணவருக்கேற்ப வளைப்பார். அறியாதவர் அதைச் சுமையாகச் சுமப்பார்.

ஆதலின் உயர்பட்டம் பெறுவது வகுப்பறையை விட்டு அலுவலகம் ஏகுவதற்கான படிக்கட்டு எனக் கருதப்படுமாயின், இக்கல்வி பிறந்த நோக்கமே பாழாகும். ஒஹாயோவில் கூடிய ஆசிரியர்கள் கோடை முடிந்ததும் தத்தம் பள்ளிக்கே திரும்பினர். அங்கே காத்திருந்த மாணவரிடம்தான் அவர்கள் கற்றது பயன்பட்டது.