ஒஹையோ கட்டமும் தேனி முக்கும்

ஆன்சைட்ங்கிற பேர்ல ரெண்டு வருஷம் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் பக்கம் பொட்டி தட்டினேன். போன்ல அம்மா முதல்ல கேட்டது சம்பளத்தை இல்ல, "கடை பக்கத்துல இருக்காப்பா?"ன்னுதான். எங்க இருக்கு? பால் பாக்கெட்டுக்கே கார் எடுக்கணும். "தெருவுல ஆளே இல்லாம அது என்னடா ஊரு?"ன்னாங்க. நியாயமான கேள்விதானே மக்களே. வைகை அணைப் பக்கம் வளர்ந்தவனுக்கு எனக்கும் அதே சந்தேகம் இருந்துச்சு. ஆணி கம்மியா இருந்த நாட்கள்ல அமெரிக்க ஊர்களோட சரித்திரத்தைக் கொஞ்சம் நோண்டினேன்.

விஷயம் 1785-ல் தொடங்குது. சுதந்திரப் போர் முடிஞ்சு கடன்ல இருந்த புது அரசாங்கத்துக்கு விற்க நிலம் மட்டும்தான் இருந்துச்சு. அதுக்காக ஒரு சட்டம் போட்டாங்க. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதுக்குள்ள 36 கட்டம், கட்டத்துக்கு 640 ஏக்கர். ஆறு, மலை எது குறுக்கே வந்தாலும் கோடு நேராத்தான் போகும். ஏற்கெனவே அங்க வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கல. இந்த அளவையை முதல்ல ஆரம்பிச்சது இதே ஒஹையோவோட கிழக்கு ஓரத்துலதான். அப்புறம் 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் கொடுத்துச்சு, ஆனா அந்த நிலத்துலயே வீடு கட்டிக் குடியிருக்கணும்னு நிபந்தனை. அதனால ஒவ்வொரு விவசாயியும் தன் காட்டுக்கு நடுவுல தனி வீடு.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கு இதுக்கு நேர் எதிர். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணி வந்தபிறகு வயல்ல ஒரு குழி நிலம்கூட தங்கம். அதுல எவன் வீடு கட்டுவான்? சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் ஒரே ரோட்டுல கோத்த மாதிரி இருக்கு. வீடு தெருவுல, வயல் ஊருக்கு வெளியே. காலையில மம்பட்டியோட போயிட்டு சாயங்காலம் திரும்பி வரணும். அதனாலதான் நம்ம தெருவுல எப்பவும் ஆள் நடமாட்டம்.

ரயிலும் அப்படித்தான். 1850-கள்ல இல்லினாய்ஸ் சென்ட்ரல் பாதை ஓரமா, ஒரே வரைபடத்தை வெச்சு ஊர் ஊரா கட்டம் போட்டு மனை வித்தாங்க, தெருப் பேர்கூட ஒண்ணுதான். (காப்பி பேஸ்ட் நம்ம தொழில்ல மட்டும்னு நெனச்சேன் :)) இங்க 1928-ல் மதுரை - போடி ரயில் வந்தப்ப யாரும் ஊர் விக்கல, இருந்த ஊர்களுக்குப் பக்கமா ரயில் வந்துச்சு. போர்க்காலத்துல தண்டவாளத்தைப் பிடுங்கிட்டு அப்புறம் திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதைக்காக மூடினது தேனிக்கு 2022-லும், போடிக்கு 2023-லும்தான் திரும்பி வந்துச்சு. அத்தனை வருஷம் ரயில் இல்லாமலே தேனி வளர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. காரணம் நேரு சிலை முக்கு. மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூணும் அங்க சந்திக்குது. கூடவே வாரச்சந்தை. மதுரைக்குக் கோயிலைச் சுத்தி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு தெரு அடுக்கு இருக்கு. தேனிக்கு நடு மையம்னா மூட்டை இறக்கின இடம்தான்.

சரி, கட்டம் போட்டதால மட்டும் தெரு காலியாயிடுமா? நியூயார்க்கும் 1811-ல் போட்ட கட்டம்தான், அங்க கூட்டத்துக்குக் குறைவா? கடையை வீட்டுப் பக்கத்துலேர்ந்து விரட்டினது வேற சட்டம். ஒஹையோவுலயே கிளீவ்லாந்து பக்கம் யூக்ளிட்னு ஒரு ஊர். வீடு இருக்கிற பகுதியில கடை, தொழிற்சாலை கூடாதுன்னு அந்த ஊர் போட்ட விதியை 1926-ல் உச்ச நீதிமன்றம் சரின்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் நாடு பூரா அதே வழி. 1956 நெடுஞ்சாலைச் சட்டம் ஊரை இன்னும் தள்ளித் தள்ளி விரிச்சது. கீழே மளிகைக் கடை, மேலே வீடுங்கிற நம்ம பெரியகுளம் ரோட்டு அமைப்பு அங்க பெரும்பாலான புறநகர்ல சட்டவிரோதம்!

முதல்ல கோடு, அப்புறம் ஊர்ங்கிறதை நம்ம பக்கமும் ஒரு தடவை பார்த்திருக்கோம். 1959-ல் வைகை அணை திறந்தாங்க. 71 அடி தண்ணி எதுவரை நிற்கும்னு போட்ட கோட்டுக்குள்ள இருந்த ஊர்கள் காலியாச்சு. வைரமுத்துவோட 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்தச் சனங்க கதைதான்.

இப்ப ரெண்டாவது தடவை நடக்குது. ஆண்டிபட்டி - தேனி ரோட்டோரம் தோட்டத்தை அழிச்சு கல் ஊன்றி, கொடி கட்டி, "டி.டி.சி.பி. அப்ரூவ்டு" போர்டு. நேர் நேரா தார் ரோடு, சமமான மனை, நடுவுல சின்னப் பூங்கா. கடைக்கு இடம்? பஸ் நிக்குமா? விக்கிறவர்கிட்ட கேட்டேன், "பைக் வெச்சிருப்பீங்கல்ல சார்"னார். பைக் என்கிட்ட இருக்கு, அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அட்வான்ஸ் கொடுக்காம வந்துட்டேன்.