சுவாமி படக்கடைகள், திருத்தணி

சுவாமி படக்கடைகள், திருத்தணி: தமிழ்நாட்டின் வட எல்லையில், ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதாக எண்ணப்படும் திருத்தணி மலையின் அடிவாரத்திலும் கோயிலுக்குச் செல்லும் வழியோரங்களிலும் தெய்வப் படங்களை விற்றும், அவற்றுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுத்தும் வரும் சிறு கடைகள். ஓவியன் கையிலிருந்து வீட்டுச் சுவர்வரை ஒரு படம் போய்ச் சேர்வதற்குப் பெருநகரங்களில் ஓவியக் காட்சிக்கூடம் என்னும் ஸ்தாபனம் எவ்வாறு வழியாக நிற்கிறதோ, அவ்வாறே க்ஷேத்திர நகரங்களில் நெடுங்காலமாக நின்று வருபவை இக்கடைகள். கலை வரலாற்று நூல்களில் ஓவியர்களுக்கும் அச்சகத்தாருக்கும் கிடைத்த இடம் கடைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இக்கட்டுரையும் விற்றவர்களைவிட வரைந்தவர்களையும் அச்சிட்டவர்களையும் பற்றியே மிகுதியாகப் பேச நேர்கிறது.

முற்காலம்: அச்சுப் படம் பரவுவதற்கு முன் இப்பிரதேசத்துக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு சித்திர மரபுகள் இருந்தன. வடக்கே காளஹஸ்தியில், மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த எழுதுகோலால், கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் ஊட்டிய துணியின்மேல், வெல்லநீரில் பழைய இரும்பை ஊறவைத்து எடுத்த கறுப்பைக் கொண்டு இராமாயண, பாரதக் கதைகளை எழுதிய கலம்காரியர்கள் இருந்தனர். அவர்கள் எழுதிய திரைகள் கோயில்களிலும் தேர்களிலும் தொங்கின. நலிந்துபோன அக்கலைக்கு 1957-இல் அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. தெற்கே, பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, தங்கத் தகடும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படம் தோன்றியது. அது நாயக்கர் காலத்திலேயே வேரூன்றியது என்பர் சிலர். மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜியின் ஆட்சியில் (1798–1832), உருப்பெற்றது என்பர் வேறு சிலர். அப்படங்களை எழுதியவர்களுள் தெலுங்கு பேசும் ராஜு வகுப்பினர் பலர் இருந்தனர் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. இவ்விரு வகையும் விலையால் ஏழை யாத்திரிகனுக்கு எட்டாதவை. அவன் மலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது விபூதியும் சந்தனமுமே.

இருப்புப்பாதையும் கல்லச்சும்: படக்கடைகளுக்கு உண்மையான ஆதி என்று சொல்லத் தக்கவை இவ்விரண்டும் ஆகும். சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக வடமேற்கே ரேணிகுண்டா, கடப்பை, குந்தக்கல் என்று நீண்டு, 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்த ரயில் தடத்தில், அரக்கோணத்தைக் கடந்தவுடன் வரும் நிலையங்களுள் ஒன்று திருத்தணி. அதே தடத்தின் மறுகோடியில், பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையே, லோணாவளாவை அடுத்து மளவளி என்னும் சிற்றூர் இருப்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பவர் காணலாம். இந்திய வீடுகளின் பூஜையறைகளை ஒரு தலைமுறைக் காலத்துக்குமேல் ஆண்ட படங்களில் பெரும்பகுதி அச்சானது அங்கேதான்.

திருவிதாங்கூரைச் சேர்ந்த ராஜா ரவிவர்மா (1848–1906) தம்முடைய எண்ணெய் வர்ணப் படங்கள் அரண்மனைகளில் மட்டும் அடைபட்டுக் கிடப்பதை விரும்பாமல், அவற்றை அச்சிட்டுப் பரப்பவேண்டும் என்று கருதினார். அவரிடம் இந்த யோசனையை 1884 அளவிலேயே ஒரு கடித மூலமாகத் தெரிவித்தவர் திவான் சர் டி. மாதவராவ் என்று கூறப்படுகிறது. 1894-இல் பம்பாயில் ஜெர்மானியத் தொழில்நுட்பர்களைக் கொண்டு அச்சகம் தொடங்கியது. சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் முதன்முதலாக வெளிவந்தது. நகரத்தில் பிளேக் நோய் பரவி வேலையாட்கள் கலைந்த பின்னர், அந்த நூற்றாண்டின் இறுதியில், அச்சகம் மளவளிக்கு மாறியது. அதனை ரவிவர்மா தம் தொழில்நுட்பரான பிரிட்ஸ் ஷ்லைகரிடம் விற்றுவிட்ட ஆண்டு 1901 என்பாரும் 1903 என்பாரும் உளர். கடன் சுமையே காரணம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். பின்னாளில் திரைப்படத் துறையின் முன்னோடியாகப் போற்றப்பட்ட தாதாசாகேப் பால்கே சிறிது காலம் இவ்வச்சகத்தில் வேலை பார்த்தார். 1972-இல் நேர்ந்த தீ விபத்தில் அது அழிந்தது.

கல்லச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். ஆகவே ஒரே காகிதம் பல கற்களின்மேல் மாறி மாறிப் படிந்து எழவேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் தேவியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். இவ்வளவு சிரமத்தின்பின் வார்னிஷ் மெருகுடன் வெளிவந்த படம், மூலப் படத்தோடு ஒப்பிட எண்ணவும் இயலாத அற்ப விலைக்குக் கிடைத்தது. தென்னாட்டுப் பெண்கள் பலர் அதனை அப்படியே மாட்டிவிடாமல், தெய்வத்தின் சேலைமேல் ஜரிகைத் துண்டும், நகைகளின்மேல் மணியும் சிமிக்கியும் ஒட்டியும் தைத்தும், அதன்பிறகே கண்ணாடி போடக் கொடுத்தனர். அச்சடித்த பல்லாயிரம் படங்களுள் ஒன்று தன் வீட்டுக்கே உரியதாக மாறவேண்டும் என்ற ஆவலை இதைவிட நயமாகக் காட்டும் வழக்கம் வேறு உண்டோ என்பது ஐயமே. இத்தகைய ஜரிகைப் படங்கள் இப்போது பழம்பொருள் கடைகளிலும் தனியார் சேகரிப்புகளிலும் காணக் கிடைக்கின்றன.

ரவிவர்மா அச்சகத்துப் படங்களுள் வள்ளி தேவசேனா சமேதராய் மயிலின்மேல் வீற்றிருக்கும் ஆறுமுகப் பெருமான் படமும் ஒன்று. முருகன் தலங்களில் அதற்கிருந்த கிராக்கியை ஊகிப்பது எளிது. அது திருத்தணிக்கு ரயில் வழியே நேரே வந்திருக்கலாம். சென்னை மொத்த வியாபாரிகளின் கைமாறி வந்திருக்கவும் கூடும்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஜெர்மனியில் அச்சான தெய்வப் படங்களும் இந்நாட்டுச் சந்தையில் கலந்திருந்தன. இதே காலத்தில், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் திருத்தணியில் படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். அது 1917 என்றும் 1918 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. புத்தாண்டன்று துரைமார்களைக் காணச் செல்லும் ஜனங்கள் அதற்குப் பதிலாகத் தணிகைத் துரையைக் காணட்டும் என்பது சுவாமிகளின் நோக்கம் என்பர். வருஷத்தின் நாட்களைக் குறிப்பதாகக் கருதப்படும் 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிச் செல்லும் இவ்விழாவும், ஆடிக் கிருத்திகைக் காவடித் திரளும் கடைத்தெருவின் விற்பனைக்கு இரண்டு பெரும் பருவங்கள் ஆயின.

கோவில்பட்டிக் காலம்: இன்றைய படக்கடையின் தோற்றத்தை நிர்ணயித்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அவர் சி. கொண்டைய ராஜு (1898–1976) ஆவார். சென்னை மயிலாப்பூரில், மேலே கூறிய ராஜு வகுப்பில் பிறந்து, டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் நிறுவிய சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, துறவு நாட்டத்தால் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, பின் ஒரு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதுபவராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றிய இவர், 1940களின் தொடக்கத்தில் அக்கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது, அவ்வூரிலேயே தங்கிவிட்டார். கம்பெனி வேறோர் ஊரில் கலைந்திருந்தால் தமிழர் வீட்டுச் சுவர்கள் எப்படி இருந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியர் கேட்கத் தகாத கேள்வியாயினும், கேட்காமல் இருக்கவும் முடிவதில்லை.

ஏனெனில் கோவில்பட்டிக்கு அருகில் சிவகாசி இருந்தது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பின், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்ட வேண்டிய வர்ணச் சீட்டுகளை அச்சிடும் பொருட்டு அங்கே கல்லச்சுக் கூடங்கள் பெருகின. சீட்டு அச்சிட்ட இயந்திரமே காலண்டரையும் அச்சிட்டது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும், அவருடைய சீடர்களான டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலியோரும் வரைந்த மூலங்களைச் சிவகாசி அச்சகத்தார் விலைக்கு வாங்கினர். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்களும் உண்டு. மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி முதலிய கொண்டைய ராஜுவின் படங்கள், கால்கை மாற்றம், நிற மாற்றம் என்று சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டு, வரைந்தவர் மறைந்த பின்னரும் அச்சாகி வந்தன.

இப்படங்களில் தெய்வத்தின் முகம் பார்ப்பவனை நேருக்கு நேர் நோக்கும். நிழல் அதன்மேல் விழாது. கன்னம் குழந்தைக் கன்னம்போல் நிறைந்திருக்கும். பின்னால் தூண்களும், மடித்துக் கட்டிய பட்டுத் திரையும், தொலைவில் ஏரியும் மலையும் அன்னங்களும் தெரியும். முன்புறம் கர்ப்பக்கிருகத்தையும் பின்புறம் நாடக மேடையையும் சார்ந்தது. இதனை நாடகத் திரை எழுதிய கையின் பழக்கம் என்று ஆராய்ச்சியாளர் விளக்குவர். ரவிவர்மாவின் தேவியர் எங்கோ யோசனையில் ஆழ்ந்திருப்பவர்கள். கொண்டைய ராஜுவின் தேவியர் வேண்டுதலைக் கேட்பவர்கள். பூஜையறைக்கு எது உகந்தது என்பதை வாங்கியவர்கள் தீர்மானித்தனர்.

சிவகாசித் தொழிலில் காலண்டர் படம், பிரேம் படம் என இரு பிரிவுகள் ஏற்பட்டன. முன்னதில் கீழே இடம் விட்டு அச்சிடுவர். ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் தத்தம் பெயரை அதில் பொறித்து இலவசமாகக் கொடுப்பர். அதற்காக ஏஜெண்டுகள் மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைச் சுமந்து ஊர் ஊராக ஆர்டர் பிடிப்பர். பின்னதில் விளம்பரம் இராது. அதுவே படக்கடைக்குரிய சரக்கு. இலவசக் காலண்டரின் தாளைக் கிழித்து முடித்த பின் எஞ்சிய படத்தையும் வீசியெறிய மனம் வராமல் சட்டம் போடக் கொண்டுவருவோர் எக்காலத்தும் உண்டு.

கடையின் இயல்பு: வைரமுனைக் கட்டரால் கண்ணாடியைக் கீறி ஒடித்து, சட்டத்தின் மூலையை நாற்பத்தைந்து பாகையில் அறுத்துப் பொருத்தி, பின்புறம் அட்டை வைத்துச் சிற்றாணி அடித்து, தூசி புகாமல் காகிதம் ஒட்டி, வளையம் மாட்டித் தருவது வரை இத்தொழில் அடங்கும். சட்டத்துக்கு மரம் போய்ப் பிளாஸ்டிக் பட்டை வந்துவிட்டது. வாங்குவோர் புதுமனை புகுவோர், கடை திறப்போர், வேண்டுதல் நிறைவேறியோர். உடைந்த படத்தையோ மங்கிய படத்தையோ குப்பையில் போடலாகாது என்பதால் அவற்றை அரசமரத்தடியில் வைத்துவிட்டுப் புதியது வாங்கும் வழக்கம் எங்கும் போல் இங்கும் உண்டு.

தலத்துக்கே உரிய வடிவம் ஒன்று அச்சுப் படங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். திருத்தணியில் மூலவர் சந்நிதிக்கு எதிரே மயிலுக்குப் பதிலாக, தேவசேனையின் சீதனமாக இந்திரன் அளித்ததாகச் சொல்லப்படும் ஐராவதம் நிற்கிறது; அதுவும் இறைவனை நோக்காமல் வெளியே கிழக்கு நோக்கி நிற்கிறது. தன் செல்வம் யானையோடு போய்விட்டதாக இந்திரன் வருந்த, யானையின் பார்வையாவது அவனுடைய லோகத்தின் பக்கம் இருக்கட்டும் என்று முருகன் அருளியதாகப் புராண வழக்கு. இவ்வளவு அழகான கதை இருந்தும், ஆறுபடை வீடுகளையும் ஒரே தாளில் ஆறு கட்டங்களாக அச்சிடும் பிரசித்தமான படத்தில் தணிகைக்கு உரிய கட்டத்திலும் பெரும்பாலும் வள்ளி தெய்வானையோடு நிற்கும் பொதுவான கோலமே காணப்படுகிறது. ஒரு மூலத்தைக் கொண்டு எல்லா ஊர்க் கடைகளுக்கும் சரக்கு அனுப்பும் அச்சுத் தொழிலில் இது இயல்பே.

எல்லை மாற்றம்: சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின்பின், 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கடைத்தெருவில் எல்லை அவ்வளவு தெளிவாக விழவில்லை. திருப்பதிக்கும் தணிகைக்கும் ஒரே யாத்திரையில் செல்வோர் பலராதலால் வேங்கடாசலபதி படமும் முருகன் படமும் அருகருகே தொங்குகின்றன.

சென்னைக் காட்சிக்கூடங்கள்: ஒப்பீட்டின் பொருட்டு இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957-இல் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர். படம் விற்றுப் பிழைக்க முடியாத நிலையில் அவருடைய மாணவர்கள் பாத்திக் துணி எழுதி விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்தது. கொண்டைய ராஜுவும் அவர்களும் வெவ்வேறு தலைமுறையில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். எனினும் ஒருவருடைய படங்கள் படக்கடைக்கும் மற்றவர்களுடைய படங்கள் காட்சிக்கூடத்துக்கும் சென்றன. காலண்டர் படத்தைக் கலையென்று ஏற்கலாமா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. ஸ்டீபன் இங்கிலிஸ், கஜ்ரி ஜெயின் முதலியோரின் ஆய்வுகளுக்குப் பின் அதன் வேகம் குறைந்ததே அன்றி முற்றும் ஓயவில்லை.

அண்மைக் காலம்: 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருத்தணி அதில் சேர்ந்தது. காளஹஸ்திக் கலம்காரிக்கும் தஞ்சாவூர்ப் படத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. கணினியில் அச்சிட்ட படங்கள், பின்னால் மின்விளக்கு எரியும் படங்கள், தஞ்சாவூர்ப் பாணியைப் போலச் செய்த தங்கநிறத் தாள்கள் ஆகியவை சிவகாசிப் படங்களோடு சேர்ந்து விற்பனையாகின்றன. கைபேசியில் எடுத்துவரும் குடும்பப் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதும் இத்தகைய கடைகளின் தொழிலில் சேர்ந்துவிட்டது.